அமானுல்லா நெற்றியில் குங்குமம்

அமானுல்லா நெற்றியில் இன்றைக்கும் குங்குமம்.

கழுவித்தான் வந்திருந்தார். ஆனாலும் குங்குமம் லேசில் விடுமா? முந்தாநாள் நடு நெற்றியில் இருந்தது. நேற்று வலப்பக்கம். இன்றைக்கு இடப்பக்கம்.

ஷாஜாதி டீ கிளாஸை நீட்டினாள். கேட்கலாமா, வேண்டாமா?

ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, கோவளம் கடைத்தெரு முழுக்க இந்த நெற்றியோடுதான் நடந்து வந்திருப்பார் மனுஷன். ஆஸ்பத்திரிக்கு மிஷின் செய்கிற இன்ஜினீயர். கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷமாச்சு, ஒரு பொய் சொன்னதில்லை. அவருக்கா இது?

பக்கத்து வீட்டு ஆஸ்மா காலையிலேயே சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டாள்.

"இன்னாக்கா, அண்ணாத்த கோயிலுக்குப் போவுதா? எஸ்.டி.டி. பூத்துல நாலு பேரு கேக்கறாங்க."

"சீ! ஆபீசுக்குத்தான் போவுது."

"ஆபீசுல யாருக்கா பொட்டு வெச்சு வுடறது? பொட்டு தானா ஒட்டாதுக்கா. இன்னொரு நெத்தி பட்டாத்தான் ஒட்டும்."

அது போதாதா? ஷாஜாதி குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

கோயிலென்றால் ஏன் தினம் ஒரு இடத்தில்? பொம்பளை சமாச்சாரமென்றால் துடைத்துவிட்டு வரத் தெரியாதா? துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு குங்குமச் சிமிழ் வேறு! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை அவளுக்கு.

கேட்டேவிட்டாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"உங்க நெத்தியில கீறாளே, அவ!"

அமானுல்லா நெற்றியைத் தடவி விரலைப் பார்த்தார்.

"ஓ... இதுவா? பார்வதம்."

பேரையே சொல்லிவிட்டாரே, படுபாவி மனுஷன்!

"வயசு?"

"அறுபத்தஞ்சு இருக்கும்."

ஷாஜாதி இன்னும் குழம்பிப் போனாள்.

"சதுரங்கப்பட்டினத்து அம்மா. நாளன்னிக்கி நெஞ்சுல ஆபரேஷன். அப்ப மூளைக்கு ஆக்சிஜன் சரியாப் போவுதான்னு பாத்துகினே இருக்கணும். ஊசி கீசி குத்தாம, நெத்தியில ஒரு பட்டி ஒட்டி, உள்ள வெளிச்சம் அனுப்பிப் பாக்கற மிஷினு. நாங்க செஞ்சது. நடுவுல குங்குமம் இருந்தா வெளிச்சத்தை அது குடிச்சிடும். மிஷினு தப்பாச் சொல்லும்."

"அழிச்சுக்கச் சொல்றதுதானே?"

"'புருஷன் இருக்கறப்ப அழிக்கவே மாட்டேன். அதுக்கு ஆபரேஷனே வேணாம்'னு சொல்லிடுச்சு. அதான் பட்டியை ரெண்டா வெட்டி, பொட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டற மாதிரி மாத்தறேன். எவ்ளோ தள்ளி ஒட்டினா கணக்கு சரியா வருதுன்னு என் நெத்தியிலயே குங்குமத்தை இடம் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துகினு கீறேன்."

ஷாஜாதிக்குப் போன உசுரு திரும்பி வந்தது. வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

"ஒரு பொட்டுக்கு இத்தினி பிடிவாதமா? ஊரு சிரிக்குது உங்களைப் பாத்து! அந்தம்மா வூட்டுக்காரரைக் கூட்டியாந்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா, சரின்னு அழிச்சுட்டுப் போவுது. இவ்ளோ படிச்சீங்களே, இது தோணலியா?"

அமானுல்லா குடிக்காத டீயைக் கீழே வைத்தார்.

"அவரு போன வியாழக்கிழமை மவுத்தாயிட்டாரு, ஷாஜாதி. அந்தம்மாகிட்ட சாவு சேதியைச் சொல்லிட்டா குங்குமம் தானா போயிடும்னு அவங்க புள்ளைங்க சொன்னாங்க. நான்தான், 'மிஷினை மாத்திக்கிறேன், இப்ப சொல்லிடாதீங்க'ன்னு கேட்டுகினேன்."