காலடிக் குளிர்

அவள் ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் கையை வைத்தாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்கு வெளியே ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இந்தக் குழாய் கொஞ்ச நேரம் சில்லென்றுதான் இருக்க வேண்டும் என்றிருந்தார் மெக்கானிக் சிக்கந்தர் பாய். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே திடீரென்று கொதிக்க வேண்டும். இதுவோ ஆரம்பத்திலேயே வெதுவெதுத்தது. அதற்கு மேல் ஏறவும் இல்லை. குடிக்க மறந்து வைத்த காப்பி டம்ளரைத் தொட்டது போலிருந்தது.

உள்ளே, சூடு காட்டும் முள் அடிக்கோட்டிலேயே படுத்துக் கிடந்தது.

பிலவேந்திரன் போனதிலிருந்து அது எழுந்ததே இல்லை.

போன தை மாதம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியவன், வீட்டு வாசலில் வேனை நிறுத்தினான். இறங்கவில்லை. காப்பியோடு போய் அவள்தான் கதவைத் திறந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் புருஷனின் கை ஐஸாக இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அதே ஸ்டியரிங்கில் அவள் உட்கார்ந்தாள். ஹீட்டரைத் திருகினாள்.

காலடியில் சில்லென்று ஒரு காற்று.

அது அவன் கையின் குளிர். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பயமும் வரவில்லை. பேசத் தொடங்கினாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைத் திருகி, அண்ணிக்காரியின் அழிச்சாட்டியம் முதல் கூரை ஒழுகியது வரை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாகக் காதுகொடுத்தவன் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள்.

மார்கழி பிறந்தது. முன்சீட்டில் உட்காரும் எல்கேஜி பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ந்தது. பெற்றவர்கள் கூடிப் பேசி முடிவாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வாரத்துக்குள் ஹீட்டர் ஓட வேண்டும். இல்லையென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அந்தப் பிள்ளையின் உதடும் கண்ணை விட்டுப் போகவில்லை.

பட்டறைக்கு வரும் வழியெல்லாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சிக்கந்தர் பாய் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டார். குழாய் வந்து சேரும் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். பிறகு உள்ளே விரலை விட்டுத் துழாவினார். எதுவும் தட்டுப்படவில்லை.

“தெர்மோஸ்டாட்டே இல்லம்மா. எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய மறிச்சு வைக்கிற வால்வு. அது இல்லாமதான் ஹீட்டரு சூடாக மாட்டேங்குது. மலைக்குக் கீழ இருக்குற மெக்கானிக்குங்களுக்கு இது ஒரு பழக்கம். நம்ம வெயிலுக்கு இது எதுக்குன்னு பிடுங்கிப் போட்ருவாங்க. வண்டி கீழ எங்கயாச்சும் நின்னுச்சா?”

நின்றது. வத்தலக்குண்டில், அதை ஓட்டிப் போன அவள் அண்ணன் வீட்டு வாசலில், பூசை முடியும்வரை. சும்மா நிற்கிற வண்டிதானே, சர்வீஸுக்கு விட்டு வைத்தேன் என்று பெருமையாகச் சொல்லித்தான் அண்ணன் சாவியைக் கொடுத்தான்.

அவ்வளவுதான்.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வால்வு இல்லாததால் வந்த குளிர். அதனிடமா இத்தனை மாதம் அழுதாள்?

பாய் புதிதைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினார். ஒவ்வொரு திருகாணிக்கும் அவன் இன்னொரு தடவை செத்தான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போட்டுப் பாரும்மா.”

ஏறினாள். கதவைச் சாத்தினாள். வண்டி உறுமியது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு முள் அசைந்தது. மெல்ல எழுந்து பாதிவரை வந்து நின்றது.

ஹீட்டரைத் திருகினாள்.

காலடியில் சூடு. முகத்துக்கு நேரே இருந்த காற்றுத் துளையிலிருந்தும் சூடு.

அதன் பின்னாலேயே ஒரு வாசனை.

தைலம்.

பிலவேந்திரனுக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு. தைலத்தை விரலால் வழித்து அந்தத் துளையின் பட்டைகளில் அப்பி வைப்பான். ஹீட்டர் சூட்டில் அது இளகி வண்டி முழுக்க மணக்கும். இது வேனா, தர்மாஸ்பத்திரியா என்று அவள் கத்துவாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு விரல் அப்புவான்.

குனிந்து பார்த்தாள்.

இத்தனை மாதக் குளிரில் மெழுகாக இறுகிக் கிடந்திருக்கிறது. பட்டைகளின் இடுக்கில், கொஞ்சம்தான். அதன் மேல் அவன் விரல் இழுத்த தடம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடத்தின் ஓரம் மினுமினுத்து இளகியது.

பதறி ஹீட்டரை அணைத்தாள்.

பாய் ஜன்னலைத் தட்டினார்.

“சூடு வருதாம்மா?”

கண்ணாடியை இறக்காமலே தலையை ஆட்டினாள்.

நாளைக் காலை பிள்ளைகள் ஏறுவார்கள். முன்சீட்டில் அந்த உதடு உட்காரும். போட்டுத்தான் ஆக வேண்டும்.

வீடுவரை ஹீட்டரைத் தொடவில்லை. காலடி சில்லிட்டுப் போனது. அன்று அவள் எதுவும் பேசவில்லை. மூச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, சிக்கனமாக, இழுத்தபடி ஓட்டினாள்.