கைமாறிய பொட்டலம்

17.11.2024, ஞாயிற்றுக்கிழமை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பலகாரம் சாப்பிடத் தொடங்கியது முதல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். இதுவே கள்ளக்குறிச்சியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தங்கதுரையின் மனக்குறை.

“திருநாவலூர்ல இருந்து ஊமையாவா வந்தாரு?” என்று மனைவி கண்ணகியிடம் முணுமுணுத்தார்.

“சும்மா இருங்க. கூச்சமா இருக்கும்.”

“கூச்சப்படறவரு நம்ம பொண்ணுக்குக் கண்ணு காட்டிக்கினு இருக்காரே!”

அப்போது மாப்பிள்ளை ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை மகள் சுபஸ்ரீயின் கையில் திணித்தார். அவள் அதை முந்தானையில் மறைத்தாள். முன்பே பழக்கமோ? தங்கதுரை பாய்ந்து பிடுங்கினார்.

“இன்னா லெட்டர் இது?”

“அப்பா, கீழ போட்டுடாதீங்க!”

பிரித்தார். உள்ளே நகத்தளவில் ஒரு வெள்ளைச் சில்லு.

“அவரு முன்பல்லு மேல ஒட்டியிருந்த வெனீர்ப்பா. அம்மா சுட்ட முறுக்குல கழண்டுடுச்சு. வெளிய சொன்னா நமக்கு அவமானம்னு வாயை மூடிக்கினு இருக்காரு.”

“அதை உங்கிட்ட ஏன் குடுக்கணும்?”

“பல் டாக்டர்கிட்ட குடுக்காம, தமிழ் வாத்தியார்கிட்டயா குடுப்பாரு?”

மாப்பிள்ளை முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

வாசகரே, பல்லில் ஒட்டியது கழன்றால் மருத்துவரிடமே கொடுங்கள். ஆனால், அந்த மருத்துவரைப் பெற்றவரின் கண்முன்னே வெளிப்படையாகக் கொடுங்கள்!