அண்ணையின் அட்டை

"உம்மடை அண்ணையை விட்டிட்டுப் போனால் முழுக்காசு கட்டோணும். யோசிச்சுப் பாரும்."

கூடாரத் துணியை வான் வண்டிக்குள் திணித்துக்கொண்டே அன்புராசா சொன்னான். காசைப் பற்றி யோசிக்க அவன் மனைவி மங்கையற்கரசிக்கு ஒன்றும் இல்லை. அண்ணையின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவளுடைய யோசனை.

சச்சிதானந்தன் அவளுடைய ஒரே அண்ணன். சின்ன வயதில் வந்த போலியோ வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. கனடாவின் ரொறொன்ரோவுக்கு வந்த நாள் முதல், டவுன்ரவுனில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சீட்டுக் கொடுக்கிறார். கலியாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. மல்வேர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் மாறி மாறி வரவேண்டும். கூப்பிட்டால் வருவார். கூப்பிடுவதுதான் அத்தி பூத்த மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முதல், எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில், ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு இவர்கள் ஆயத்தம் செய்தபோதும் அண்ணையை யாரும் நினைக்கவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். கால் ஏலாத ஆட்களுக்கு அந்த இடத்தில் அரைவிலையாம். கூட ஒரே வாகனத்தில் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தானாம். அன்றைக்குத்தான் அன்புராசா அவரை முதன்முதலாக "மச்சான்" என்று வாய் நிறையக் கூப்பிட்டான்.

அதற்குப் பிறகு கோடை வந்தால் மச்சான் இல்லாமல் பயணம் இல்லை. கோடை போனால் மச்சானும் போய்விடுவார்.

அதைக்கூடப் பொறுக்கலாம். இந்தச் சித்திரையில், மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கில் நடந்ததை நினைத்தால்தான் மங்கையற்கரசிக்கு உடம்பு கூசியது. முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவர் தாய்மாமன். அன்புராசாவோ, வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பப் போகிறோம், பொல்லை ஊன்றிக்கொண்டு ஒருவர் நடுவில் நின்றால் வடிவாக இராது என்றான். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். யாரோ ஒரு ஒன்றுவிட்ட தம்பி பட்டு வேட்டியோடு வந்து தண்ணீர் வார்த்தான். சொந்தத் தாய்மாமன் மண்டப வாசலில், விருந்தாளிகளின் கோட்டுகளை வாங்கிக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டு நின்றார். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டு இரண்டு பேச்சுப் பேசியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திராது.

இப்போது அட்டைக்காக மறுபடியும் கூப்பிட்டாயிற்று. அவரும் விடியவே வந்துவிட்டார். சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, மருமகளுக்கு ஒரு பை நிறையச் சொக்லேற்றோடு வாசலில் நின்றார். வழியெல்லாம் அவளோடு பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். முன் இருக்கையில் இருந்த மங்கையற்கரசி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்கரை வாசலில் வான் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. வழக்கம் போல அன்புராசா அரைவிலைக் காசை நீட்டினான். வழக்கம் போல சச்சி அண்ணை அதை வாங்கிக்கொண்டு ஊன்றுகோலோடு இறங்கினார். கோல் சேற்றில் வழுக்கியது. நல்ல காலம், கதவைப் பிடித்துக்கொண்டார்.

மங்கையற்கரசி குதித்து இறங்கினாள். "நில்லுங்கோ அண்ணை. அட்டையைத் தாங்கோ, நான் காட்டிப்போட்டு வாறன்."

"வேண்டாம் பிள்ளை. ஆள் நேரிலை போகோணும். இல்லாட்டி நம்பமாட்டினம்."

"ஆள் வானடியிலை நிக்கிறார் எண்டு சொல்லுறன்."

"மங்கை, சொல்லுறதைக் கேள். நான்தான் போகோணும்."

அண்ணையின் குரல் இப்படிக் கடுத்து அவள் கேட்டதில்லை. சடங்கன்று விழுங்கிய கோபம் இப்போதுதான் வெளியே வருகிறது என்று நினைத்தாள். வரட்டும், இந்த ஒரு வேலையையாவது அவருக்காகச் செய்வோம் என்று அட்டையையும் காசையும் அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். பின்னால் அவர் கூப்பிட்டதைக் காதில் விழாதது போல விட்டுவிட்டாள்.

வாசல் அலுவலகத்துக்குள் வழக்கமாகக் காசு வாங்கும் வெள்ளைக்காரக் கிழவி இருந்தாள். மங்கையற்கரசி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் வெளியே நிற்கிறார், கால் ஏலாது, அரைவிலை. கிழவி அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு யன்னலால் எட்டிப் பார்த்தாள். மழையில் நனைந்தபடி, ஊன்றுகோலோடு இந்தப் பக்கம் அவசர அவசரமாக வந்துகொண்டிருந்த சச்சி அண்ணையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஓ, அவருடைய தங்கையா நீ? இது பஸ்ஸில் காட்டுகிற அட்டை, அம்மா. எங்களிடம் அரைவிலை என்று ஒன்றும் கிடையாது. முதல் வருடமே அவரிடம் சொல்லிவிட்டேனே."

மங்கையற்கரசிக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் போன வருடம் எப்படி விட்டீர்கள் என்று கேட்டாள்.

"கொண்டுவந்த காசோடு தன் காசையும் போட்டு முழுதாகக் கட்டினார். 'வீட்டு ஆட்களுக்குச் சொல்லிவிடாதே, தெரிந்தால் அடுத்த வருடம் என்னைக் கூட்டிவர மாட்டார்கள்' என்று சிரித்தார்," என்றாள் கிழவி. "நான் அதைப் பகிடி என்றுதான் நினைத்தேன்."