புது மட்டைக்கு வந்த கதி

புத்தம் புது கிரிக்கெட் மட்டையைத் துவைக்கிற கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார் ஊராட்சிச் செயலாளர் ஜீவா. பக்கத்தில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் வீரமணி, வாலிபால் வலையை மண்ணில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பயம் தலைக்கேறியிருந்தது.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊருக்கு அரசாங்கம் விளையாட்டுச் சாமான் கொடுத்து ஒரு வருஷமாகிறது. உடைந்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று ஒன்றையும் வெளியே விடாமல் ஊராட்சி ஆபீசிலேயே அடுக்கி வைத்திருந்தார் ஜீவா.

இன்று காலை கள்ளக்குறிச்சியிலிருந்து போன். பன்னிரண்டு மணிக்கு விளையாட்டு அதிகாரி வருகிறாராம். சாமானைத் தொடாமல் வைத்திருந்தால் எல்லாவற்றையும் எலவனாசூர்கோட்டைக்குக் கொடுத்துவிட்டு, செயலாளருக்கு மெமோ கொடுப்பாராம். ஜீவாவிடம் ஏற்கெனவே இரண்டு மெமோ இருக்கிறது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

கேரம் போர்டை எடுத்தார். மேலே வெள்ளையாக ஏதோ பொடி. காலை ஆறு மணிக்கே வந்து ஆபீசைத் திறந்து பெருக்குகிற காசியம்மாள்தான் எறும்புக்குத் தூவியிருப்பாள் என்று நாலு வசவு விட்டு, சுத்தமாகத் துடைத்து வைத்தார்.

அடுத்தது, தினமும் யார் யார் விளையாடினார்கள் என்ற நோட்டு. யோசிக்க ஏது நேரம்? நூறு நாள் வேலை லிஸ்டை விரித்து வைத்துக்கொண்டு, வரிசையாகப் பேர் சொன்னார். வீரமணி எழுதினார்.

"இன்னாங்க, மொதல்லயே காசியம்மா பேரு வந்துகீது? அதுக்கு அறுவது வயசுங்க," என்றார் வீரமணி.

"ஒக்காந்து ஆடறதா போட்டுக்கலாம், வுடு. கேரம்னு எழுது."

அதிகாரி சுபஸ்ரீ சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அடிபட்ட மட்டையையும் மண் அப்பிய வலையையும் பார்த்துத் தலையாட்டினார். நோட்டைப் புரட்டியவர் முதல் பேரிலேயே நின்றார். அறுபது வயது அம்மாள், வருஷம் முழுக்க ஒரு நாள் தவறாமல் கேரமா? அவரை உடனே கூப்பிடச் சொன்னார்.

காசியம்மாள் விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள். ஜீவா கண்ணைக் காட்டிப் பார்த்தார், புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். அவள் இவர் பக்கமே திரும்பவில்லை.

"தினமும் ஆடுறீங்களாமே. எங்க, ஆடிக் காட்டுங்கம்மா," என்று போர்டை நகர்த்தி வைத்தார் அதிகாரி. ஜீவா மூன்றாவது மெமோவை மனதுக்குள் கையெழுத்துப் போட்டு வாங்கியேவிட்டார்.

காசியம்மாள் விளக்குமாற்றை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போர்டை விரலால் ஒரு முறை தடவினாள். முகம் சுருங்கியது.

"காலைல ஆட்டத்துக்குப் போட்ட பவுடர யாருங்க தொடச்சது?"