மெஷின் மேல் சத்தியம்

மூலைவீட்டு அக்காவுக்கு வாய் ஓயாது. மார்புக் கட்டிக்குக் கதிர் சிகிச்சை எடுக்கப் படுத்திருக்கும்போதும் ஊர்க்கதைதான். இன்று கடைசி நாள் வேறு, கேட்கவா வேண்டும்! ஒருநாள் தவறாமல் துணைக்கு வரும் மகள் வெளியே இருந்தாள்.

"என் பொண்ணு ஒருத்தனைத்தான் கட்டுவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா தம்பி. ஏதோ துகள் முடுக்கியாம், அதை ஓட்டுறானாம். கண்ணுக்குத் தெரியாததை வெளிச்ச வேகத்துக்கு விரட்டி, எதுலயோ மோத விடுறதாம். இதெல்லாம் ஒரு பொழப்பா? ஊரே வெடிச்சுடாது?"

மெஷின் ஓட்டும் பையன் அவள் தோளை நேராக்கினான். "பையனைப் பார்த்தீங்களாம்மா?"

"போட்டோவை நீட்டினா, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். உன்னை மாதிரி தங்கமான பிள்ளைன்னா இன்னிக்கே கட்டி வெச்சிடுவேன்."

"நிஜமாவா?"

"இந்த மெஷின் மேல சத்தியம்! என் உயிரைக் காப்பாத்தினது இதுதானே."

பையனுக்குப் புரையேறியது. அவன் வெளியே போக, கனத்த கதவு மூடிக்கொண்டது. மெஷின் உறுமிக்கொண்டே அக்காவை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"முடிஞ்சுதும்மா. இதுக்குள்ளதான் எலக்ட்ரானை விரட்டி உலோகத் தகட்டுல மோத விடுறோம். கட்டியைக் கருக்குற கதிர் அதுலேர்ந்துதான் வருது. துகள் முடுக்கின்னா இதுதான்."

அக்கா வாழ்க்கையில் முதன்முறையாக வாயடைத்துப் போனாள். ஸ்பீக்கரில் இப்போது மகளின் சிரிப்பு.

"நீ சத்தியம் பண்ணிட்டம்மா! மாறக்கூடாது!"

அக்காவுக்கு மெதுவாகப் பேச்சு திரும்பியது.

"அப்ப இத்தனை நாளா நீ துணைக்கு வந்தது எனக்கில்லையாடி?"