இலையில் வைத்த காஞ்ச பிரெட்

"ஃபாரின்லருந்து வந்தவருக்கு மூணு நாள் காஞ்ச பிரெட்டா? உனக்கென்ன பைத்தியமா?"

மேனேஜர் ஸ்ரீநாத் சாரு கத்தினதுல, மெட்ராஸ் பாடில கீற எங்க ஃபேக்டரி கேன்டீனே திரும்பிப் பார்த்துச்சு.

கேன்டீன் மாஸ்டர் கோதண்டம் அண்ணாத்தே அதக் காதுலயே வாங்காம, கல்லுல எண்ணெய ஊத்தி, அட்டையாட்டம் காஞ்ச பிரெட்ட செவக்க விட்டாரு. பச்சப் பூண்ட உரிச்சு அதுமேல தேச்சாரு. சொரசொரன்னு இருந்த பிரெட்டு பூண்ட அப்டியே முழுங்கிடுச்சு.

பாத்திரம் கழுவுற எனக்கே மனசு ஒப்பல. மிஷின் மாட்ட செக் நாட்லருந்து வந்த பாவெல் சாரு, பத்து நாளா நம்ம சாம்பார ஊத்தி ஊத்தித் துன்ற மனுசன். காய்ச்சக்காரனுக்குக் குடுக்குற பிரெட்டு, அதுவும் பழசு, அவருக்கா?

"பிரியாணி சொல்லியிருக்கேன். இதத் தூக்கிக் குப்பையில போடு."

"முடியாது சார்."

"அப்ப நாளைலருந்து வராத."

"சரி சார்."

பொண்ணு கல்யாணத்த வச்சுக்கினு இந்த ஆளுக்கு இன்னா வீம்புன்னு எனக்கு ஆத்தாமையா போச்சு.

"அண்ணாத்தே, எதுனா சொல்லேன்"னேன்.

மாட்டேன்னு தலையாட்டினாரு. தலைவாழை இலை ஒண்ணு போட்டு, நடுவுல அந்தப் பிரெட்ட வச்சாரு. பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி.

"இதுக்கு இலை வேறயா?" மேனேஜர் தலையில அடிச்சுக்கினாரு.

அப்பதான் பாவெல் சாரு உள்ள வந்தாரு. இலையப் பார்த்ததும் அப்டியே நின்னுட்டாரு. சட்டைப்பையிலருந்து ஒரு போட்டோவ எடுத்து டம்ளர்மேல சாய்ச்சு வச்சாரு. வெள்ள முடியோட ஒரு அம்மா, சிரிச்சிக்கினு கீது.

கோதண்டம் கற்பூரம் ஏத்தினாரு.

மேனேஜர் முழிச்சாரு. பாவெல் சாரு அவரு பாஷையில போன்கிட்ட ஏதோ சொன்னாரு. போன் அத தமிழ்ல பேசிச்சு.

"என் அம்மா இறந்து இன்று பதினாறாவது நாள். உங்கள் ஊரில் இந்த நாளில் படையல் வைப்பார்கள் என்று கோதண்டம் சொன்னார். இது அவருக்குப் பிடித்த உணவு. பழைய ரொட்டியில்தான் செய்வார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கோதண்டத்திடம் கேட்டிருந்தேன்."

 வேல போனாலும் போவட்டும்னு வாய மூடிக்கினு நின்னாரே, இவருல்ல மனுசன்!

ஸ்ரீநாத் சாரு குனிஞ்சு ஷூவக் கழட்டி ஓரமா வச்சுட்டு, கோதண்டம் பக்கத்துல போய் கைகூப்பி நின்னாரு.