மகனுக்காக நூறு நாள்

சியோலில் பனி கொட்டிய அதிகாலையில், மிசுக் தேவாலயத்தின் விடியற்கால ஜெபத்துக்குக் கிளம்பினாள். மகன் ஜுன்யோங்குக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டுமென்று நூறு நாளாகப் போகிறவள். கணவர் தல்ஹோ கதவை மறித்தார். மகன் தேறவில்லை என்பதை நேற்றே பார்த்துவிட்டு, சொல்லத் தைரியமில்லாமல் முழிப்பவர் அவர்.

"இன்னிக்கு வேண்டாம்மா. ஆண்டவர்கிட்ட ஒருநாள் லீவு கேளு."

"முப்பது வருஷமா நீங்க எடுக்கிற லீவு போதாதா, ஜுன்யோங் அப்பா?"

வேறு வழியின்றி விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அவனுக்கு இடம் கிடைக்கல. அங்க போய் நீ மனசு ஒடிஞ்சு நிக்கக் கூடாதுன்னுதான்..."

"தெரியும். நேத்தே பாத்துட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

தல்ஹோ கதவை விட்டு நகரவில்லை. "அப்புறம் எதுக்குப் போற? சண்டை போடவா?"

மிசுக் வீங்கிய கண்களோடு சிரித்தாள்.

"முழங்கால் போட்டதும் தினமும் மனசு நிறைஞ்சிடும். இடம் கிடைக்கப் போற சந்தோஷம்னு நினைச்சேன். கிடைக்கலன்னு தெரிஞ்சு ராத்திரி அழுதுக்கிட்டே முழங்கால் போட்டேன். அதே சந்தோஷம், அப்படியே இருக்குங்க! நூறு நாளும் இடம் கேக்கத்தான் போனேன். இன்னிக்குத்தான் ஆண்டவரைப் பாக்கப் போறேன். வழிய விடுங்க."